புகை என்பது தப்பியோடிய விறகு



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சம்பளத்தைப் பற்றி எழுதுவோம். சேமலாப நிதி, காணி உறுதி, வேலை நாள் குறைப்பு என்று எழுதுவோம். இந்த இதழில் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். "சங்கத்துக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆண் தோழர்கள் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். தயவுசெய்து புரட்ட வேண்டாம். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாம் தரப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும்போது, பெயரைப் பார்க்காமலே எது எந்த வீட்டுக் கொப்பி என்று என்னால் சொல்ல முடியும். சில கொப்பிகள் புகை மணக்கும். மாரியில், வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் மாதங்களில், மணம் இன்னும் கூடும். விறகு நனைந்திருக்கும், பொச்சுமட்டை ஊறியிருக்கும், பிள்ளை அடுப்படி வெளிச்சத்தில் இருந்து கணக்குச் செய்திருக்கும். அந்தப் பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம் இருமுகிறார்கள் என்பதைக் கவனிக்க எனக்கு வைத்தியப் படிப்பு தேவைப்படவில்லை. நானும் அப்படி ஒரு லயத்துக் காம்பராவில் வளர்ந்தவள். அம்மா ஊதுகுழலோடு குனிந்திருந்த முதுகுதான் காலையில் கண் விழித்ததும் நான் பார்க்கும் முதல் காட்சி.

சென்ற தவணை வகுப்பில் ஒரு சின்னச் சோதனை செய்தோம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, கொஞ்ச நேரம் எரியவிட்டு, ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை நூல்போல எழும்பும். உடனே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, திரியில் படாமல், அந்தப் புகை நூலின் மேல் பிடியுங்கள். நெருப்பு புகை வழியே கீழிறங்கித் திரியில் போய்ப் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப டீச்சர், புகையும் எரியுமா?"

எரியும். விறகு சூடாகும்போது அதிலிருந்து வாயு வெளியேறும். அந்த வாயு முழுதாக எரிந்தால் சுவாலை. எரியாமல் தப்பினால் புகை. ஆகவே நம் குசினிச் சுவரில் கறுப்பாகப் படிந்திருப்பது, நாம் தலையில் சுமந்து வந்து, வெட்டிப் பிளந்து, காயவைத்து, கடைசியில் எரிக்காமல் விட்ட விறகு. ஒரு பகுதி சுவரில் இருக்கிறது. மறுபகுதி அடுப்படியில் நின்றவர்களின் நெஞ்சில் இருக்கிறது.

அந்த மறுபகுதியைப் பற்றிச் சொல்வதானால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி வீட்டுச் சமையல் புகையால் 2020 இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். நிமோனியா, தீராத முட்டு, மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்ணில் வெண்புரை ஆகியவற்றை எல்லாம் இந்தப் புகையோடு சேர்த்துத்தான் வைத்தியர்கள் பேசுகிறார்கள். இது யாரோ தூரத்து மக்களின் கதையல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்போது நம் நாட்டில் நான்கில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள்.

புத்தளத்தாருக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பாலாவிப் பக்கம் சீமெந்துத் தூசியைப் பார்த்தோம். 2011 இல் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் நிலக்கரிச் சாம்பலைப் பற்றிப் பேசினோம். கொழும்புக் குப்பையை அறுவைக்காட்டில் கொண்டுவந்து கொட்டப் போகிறார்கள் என்றபோது, 2018 இலும் 2019 இலும் முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று பாராமல் வீதிக்கு வந்தோம். அந்த ஊர்வலங்களுக்குப் போன நம் பெண்கள் வீடு திரும்பி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, இராச்சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டினார்கள். அந்தப் புகைக்கு எதிராக இதுவரை நாம் ஒரு துண்டுப்பிரசுரம்கூட அடிக்கவில்லை.

"கேஸ் வாங்கினால் போயிற்று" என்பார்கள். புகை இல்லாமல் சமைக்க கேஸும் மின்சாரமும்தான் உண்மையில் சிறந்தவை. அதை நான் மறைக்கப் போவதில்லை. முடிந்தவர்கள் பயன்படுத்துங்கள். ஆனால் 1,493 ரூபாவுக்கு இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 2,750 ரூபாவானதையும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானதையும் நாம் மறக்கவில்லை. இடையில் 2021 நவம்பர், டிசம்பரில் சிலிண்டர் வெடித்த செய்தி வராத நாளில்லை. 87 ரூபாவுக்கு இருந்த மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபா. அந்த வருடம் மதுரங்குளிச் சந்தியில் கேஸ் வரிசையில் நின்றவர்கள் பலர், சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு மறுபடி மூன்று கல் அடுப்புக்குப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை. நாட்கூலி வாங்கும் வீட்டில் ஒரேயடியாகச் சிலிண்டர் காசு எடுத்து வைப்பது இலேசல்ல. எனவே இன்னும் சில காலம் நம்மில் அநேகருக்கு விறகுதான் என்ற உண்மையிலிருந்து பேசுவோம்.

அடுப்பை வாங்குமுன் எதை எரிக்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். மலைநாட்டில் தேயிலைக் கட்டையும் சவுக்கும் எரிக்கிறார்கள். நாம் தென்னையின் கீழ் வாழ்கிறவர்கள். ஓலை, மட்டை, பாளை, பன்னாடை, பொச்சு, சிரட்டை எல்லாம் நமக்கு விறகு. ஆனால் இவை ஒரே மாதிரி எரிவதில்லை. காய்ந்த ஓலை பொறிபறக்க எரிந்து இரண்டு நிமிடத்தில் முடியும். மூட்டுவதற்கு அது நல்லது, சோறு வேகாது. பொச்சு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அது பஞ்சுபோலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சாம்பலும் நிறைய. சிரட்டை எல்லாவற்றிலும் மேல். காய்ந்த சிரட்டையை உடைத்துப் போட்டால் நின்று எரியும், சூடும் கடுமை. மட்டையின் அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்து ஒரு கோடை காயவைத்தால் அதுவும் நல்ல விறகுதான்.

இங்கேதான் சங்கத்தின் கதை தொடங்குகிறது. எங்கள் பெற்றோர் காலத்தில் தேங்காய் உரித்த இடத்தில் பொச்சு குவியலாகக் கிடக்கும். வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம். கொப்பரா வெட்டிய சிரட்டையிலும் ஒரு சாக்கு கேட்டால் கணக்குப்பிள்ளை தலையாட்டுவார். இன்று பொச்சு லொறியில் தும்பு ஆலைக்குப் போகிறது. தும்பை எடுத்தபின் மிஞ்சும் சோற்றையும் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுத் தோட்டக்காரருக்குக் கப்பலேற்றுகிறார்கள். சிரட்டை கரிச்சூளைக்குப் போய், அங்கிருந்து தண்ணீர் சுத்திகரிக்கும் கரியாகி உலகமெல்லாம் போகிறது. நம் சிரட்டைக்கரி உலகச் சந்தையில் பெயர் பெற்றது. நல்ல விடயம், நாட்டுக்கு டொலர் வருகிறது. ஆனால் நமக்கு மிஞ்சுவது எது? மழையில் ஊறிய மட்டை, பூச்சி அரித்த பாளை, விற்க முடியாத பொச்சு. நல்ல விறகு தோட்டத்தின் வருமானம், புகைகிற விறகு நம் பங்கு. அதை எரித்து வரும் இருமலுக்கு மருந்தும் நம் செலவு.

இதைப் பற்றி நம் கோரிக்கையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அடுப்பு.

மூன்று கல் அடுப்பில் நூறு பங்கு சூடு உண்டானால் பத்துப் பதினைந்து பங்குதான் சட்டிக்குப் போகிறது. மிச்சம் காற்றில், சுவரில், நம் முகத்தில். இதற்கு மாற்றாக நம் நாட்டிலேயே பிறந்ததுதான் அனகி அடுப்பு. 1970களின் கடைசியில் சர்வோதய இயக்கத்தினர் கிராமங்களில் இரண்டு சட்டி வைக்கும் மண் அடுப்புகளைப் பரப்பத் தொடங்கினார்கள். 1980களில் இலங்கை மின்சார சபையும் விறகைச் சேமிக்கும் திட்டத்தில் இறங்கியது. அந்த முயற்சிகளின் வழியாக வந்ததுதான் அனகி. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு விலைமதிப்பற்றது என்று பொருள். சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்தது. முன்னால் விறகு வைக்கும் வாய், அதன் மேல் முதல் சட்டி. நெருப்பின் சூடு ஒரு சுரங்கம் வழியே பின்னால் போய் இரண்டாவது சட்டியையும் சூடாக்கும். சோறு ஒன்றில், பருப்பு மற்றதில். விறகு மூன்றில் ஒரு பங்காவது மிஞ்சும் என்பது பாவிக்கிறவர்களின் அனுபவம். குருநாகல் மாவட்டத்துக் கும்புக்கெட்டே போன்ற குயவர் கிராமங்களில் செய்கிறார்கள். சந்தைகளிலும் கிடைக்கும்.

வாங்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டில் தினமும் சோறு ஆக்கும் சட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சட்டியை அடுப்பில் வைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது, உள்ளே விழுந்து அடைக்கவும் கூடாது. சட்டிக்கும் விளிம்புக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் சூடு வெளியே போகும், அறவே இல்லாவிட்டால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகையும். பிறகு அடுப்பை விரல் கணுவால் தட்டுங்கள். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். வெடித்ததும் வேகாததும் மொத்தென்று சொல்லும். சுரங்கத்துக்குள் கைவிட்டு மண் கட்டி அடைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அளவு தவறிச் செய்த போலி அனகிகளும் சந்தையில் உண்டு. உருவம் அதேதான், சுரங்கம் மட்டும் சோடாப் போத்தல் கழுத்தளவு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனகி விறகை மிச்சப்படுத்தும், புகையைக் குறைக்கும். புகையை ஒழிக்காது. அதற்குப் புகைக்கூடு இல்லை. ஆகவே வெளிக்காற்றுப் படாத குசினியில் அனகியை வைத்துவிட்டு எல்லாம் சரியாயிற்று என்று இருந்துவிடக்கூடாது.

இன்னொரு வகை, விறகு வாயு அடுப்பு. ஜா-எல, ஏக்கலையில் இருக்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கியது இதில் ஒன்று. சிறு விசிறி ஒன்று கீழிருந்து காற்றை ஊதும். மெழுகுதிரிப் புகையைப் பற்றவைத்தோமே, அதே வேலையை இந்த அடுப்பு இடைவிடாமல் செய்கிறது. விறகிலிருந்து வரும் வாயுவை மேலே ஒன்றுகூட்டி எரிக்கிறது. நீலம் கலந்த சுவாலை வரும், சட்டி அடி அவ்வளவாகக் கறுக்காது. சிறு துண்டாக நறுக்கிய விறகும் உடைத்த சிரட்டையும் இதற்கு உகந்தவை. அதனால் தென்னை நாட்டுக்குப் பொருத்தம். குறையும் உண்டு. நெடு விறகைத் தள்ளித் தள்ளி எரிக்க முடியாது. துண்டு போட்டு நிரப்ப வேண்டும், தீர்ந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். விசிறி நின்றால் வீடெல்லாம் புகை. விலையும் அனகியைப்போலப் பல மடங்கு. மூன்று, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, மின்சாரம் ஒழுங்காக உள்ள இடத்துக்கு, நல்ல தெரிவு. பத்துப் பேருக்குச் சோறு ஆக்கும் பெரியம்மாமாருக்கு இதைச் சிபாரிசு செய்து ஏச்சு வாங்க நான் தயாரில்லை.

மூன்றாவது, புகைக்கூடு வைத்துக் கட்டிய அடுப்பு. நம் ஊருக்கு இதுதான் நல்லது என்பது என் எண்ணம். மேடை கட்டி, மேடையில் அனகியையோ கல் அடுப்பையோ பதித்து, மேலே கூண்டு இறக்கி, புகையைக் கூரைக்கு வெளியே விடுவது. பழைய வீடுகளில் இருந்ததுதான். லயத்தில் கட்டும்போதுதான் அதை விட்டுவிட்டார்கள். எங்கள் கரையில் இதற்கு மூன்று எதிரி: கச்சான் காற்று, உப்பு, கிடுகு. வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும்போது புகைக்கூட்டின் வாய் திறந்திருந்தால் புகை கீழே திரும்பும். தலையில் தொப்பி வேண்டும், கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயர வேண்டும். தகரக் குழாயை உப்புக்காற்று இரண்டு மூன்று வருடத்தில் தின்றுவிடும். செங்கல் அல்லது சுட்ட மண் குழாய் நின்று பிடிக்கும். பழைய அஸ்பெஸ்டஸ் குழாய் சும்மா கிடைத்தாலும் தொடாதீர்கள், அறுக்கும்போது பறக்கும் தூள் நெஞ்சுக்கு நஞ்சு. கிடுகுக் கூரைக்குள்ளால் குழாயை நேரே விடவே கூடாது. குழாயைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கிடுகை நீக்கித் தகடு போட்டுத்தான் விட வேண்டும். பொறி ஒன்று போதும்.

புகைக்கூடு கட்ட முடியாதவர்கள் அடுப்பின் வாய் கச்சானுக்கு நேரே இராமல் திருப்பி வைத்து, எதிர்ச் சுவரில் கூரைக்குக் கீழே நான்கு செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டாலே வித்தியாசம் தெரியும். செலவு ஒரு பின்னேர வேலை.

"புகை இல்லாவிட்டால் கிடுகில் பூச்சி பிடிக்கும், நுளம்பு வரும்" என்று ஒரு ராத்தா என்னோடு வாதாடினார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, நம் முன்னோர் புகையைச் சும்மா வைத்திருக்கவில்லை. ஆனால் நுளம்புக்குப் பொழுதுபடும் நேரம் முற்றத்தில் ஒரு பொச்சைப் புகைய விடலாம். கிடுகை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். நெஞ்சை அப்படி மாற்ற முடியாதே, ராத்தா!

இனிப் பராமரிப்பு. இதை ஒரு தோல்வியிலிருந்து சொல்கிறேன், என் சொந்தத் தோல்வி. முதன்முதலில் அனகி வாங்கியபோது கொண்டுவந்து வெறும் நிலத்தில் வைத்து அன்றிரவே கடும் நெருப்பு மூட்டினேன். சமையல் முடிந்ததும் கரியை மிச்சம்பிடிக்கத் தண்ணீர் தெளித்தேன். நான்காம் மாதம் அடுப்பு இரண்டாகப் பிளந்தது. அனகி சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிழை அடுப்பில் இல்லை.

அடுப்பை மேடையில் வைத்து, சுற்றிவர நான்கு விரல் கனத்துக்கு மண் பூச வேண்டும். நம் பக்கத்து மணல் இதற்கு ஆகாது, ஒட்டாது, உதிரும். கடற்கரை மணல் உப்பும் சேர்ந்து கெடுக்கும். புற்றுமண் அல்லது குளத்துக் களி எடுத்து, கொஞ்சம் ஆற்றுமணலும் உமியோ நறுக்கிய வைக்கோலோ சேர்த்துப் பிசைந்து பூசுங்கள். ஒரு கிழமைக்குக் குறையாமல் நிழலில் காய விடுங்கள். வெடிப்பு விட்டால் அதே மண்ணைக் கரைத்து அடையுங்கள். முதல் சில நாள் சின்ன நெருப்பு மட்டும். இப்படி மண் கவசம் போட்ட அனகி வருடக்கணக்கில் உழைக்கும். கவசம் இல்லாதது ஒரு வருடம் தாண்டினாலே அதிசயம்.

சுடுகிற அடுப்பில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரியை வெளியே இழுத்து மூடியுள்ள மண்பானையில் போட்டு மூடினால் தானே அணையும். அந்தப் பானையை நித்திரை கொள்ளும் அறைக்குள் வைக்க வேண்டாம். சிரட்டைக் கரி புகையாது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத நச்சு வாயுவை விடும். கதவை அடைத்துக் குளிருக்குக் கரித்தணல் வைத்துப் படுத்தவர்கள் எழும்பாமல் போனதுண்டு. காலையில் மூட்டுமுன் சாம்பலை அள்ளுங்கள். சாம்பல் நிறைந்தால் காற்று கீழிருந்து போகாது. சுரங்கத்தில் படியும் கரியைக் கிழமைக்கு ஒருமுறை ஈர்க்குக் கட்டால் தட்டி எடுங்கள். புகைக்கூட்டை மாதம் ஒருமுறை நீண்ட கம்பில் தும்பைக் கட்டி மேலிருந்து கீழே இழுங்கள். அந்த வேலை ஆண்களுடையது என்று இந்தத் தலையங்கம் இத்தால் பிரகடனம் செய்கிறது. இரண்டாவது குழியை வெறுமையாக விடாதீர்கள், வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பானை தண்ணீர் வையுங்கள்.

விறகு காய்ந்திருக்கிறதா என்று அறிய இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ஒலிக்கும், முனையில் வெடிப்பும் விட்டிருக்கும். கோடையிலேயே மாரிக்கு வேண்டியதைப் பிளந்து, நிலத்தில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பெருவிரல் கனத்துக்குப் பிளந்து இரண்டு மூன்று துண்டாக எரியுங்கள். வாய் நிறைய அடைத்தால் காற்றுக்கு இடமில்லை, அப்போது புகைதான் வரும். மூட்டுவதற்குச் சொப்பிங் பேக் கொளுத்தும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. அதை இன்றே விடுங்கள். கரையொதுங்கிய உப்புப் பலகையும் பெயின்ற் அடித்த பலகையும் அடுப்புக்குள் போகக்கூடாது, அவற்றின் புகை சாதாரணப் புகையைவிட மோசம்.

இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களுக்கிடையே புகைக்கூடு வைத்த மண் அடுப்புகளைக் கட்டிக்கொடுத்து, நான்கு வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆய்வு 2016 இல் வெளியானது. முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் வித்தியாசமே இல்லை. அடுப்புகள் உடைந்தன, புகைக்கூடுகள் அடைத்தன, திருத்த ஆளில்லை, சனம் பழைய அடுப்புக்குத் திரும்பியது. மறுபக்கம், மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா மலைநாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரு பரீட்சை நடந்தது. அங்கேயும் புகைக்கூடு அடுப்புத்தான். ஆனால் ஆட்கள் ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்குப் போனார்கள், பழுதைப் பார்த்துத் திருத்தினார்கள். 2011 இல் வெளியான முடிவின்படி பிள்ளைகளுக்குப் பட்ட புகை பாதியாகியது. கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு இடத்திலும் அடுப்பு ஏறத்தாழ ஒன்றே. குவாத்தமாலாவில் திருத்துவதற்கு ஆள் இருந்தது.

அப்படி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். சந்தா வாங்க மாதாமாதம் ஒவ்வொரு வாசலுக்கும் போகிறாரே, அவர்தான். போகிற இடத்தில் அடுப்பையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

மெழுகுதிரிச் சோதனைக்குப்பின் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு முழம் வெள்ளைத் துணி கொடுத்து, குசினிச் சுவரில் ஒரு கிழமை தொங்கவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன். கேஸ் வீட்டுத் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது. ஓட்டை விட்ட குசினித் துணி மங்கலாக வந்தது. லயத்து நடுக்காம்பராத் துணிகள் கையில் ஒட்டின. பிள்ளைகள் அவற்றை வரிசையாக வகுப்புச் சுவரில் கட்டினார்கள். தன் துணிதான் எல்லாவற்றிலும் கறுப்பு என்று கண்ட ஒரு சின்னப் பெண், அதை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு வெட்கமாக இருக்குமாம். வெட்கப்பட வேண்டியவர் அவள் அம்மா இல்லை என்று சொல்லி, திரும்பக் கட்டச் செய்தேன். அந்தத் துணிகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நிர்வாகத்தோடு பேசப்போகும்போது அவையும் வரும்.

பேச வேண்டியது இரண்டு விடயம். லயத்துக் குசினிகளுக்குப் புகைக்கூடு வேண்டும். குறைந்தது கூரையடி ஓட்டையாவது வேண்டும். குடியிருப்புத் திருத்த வேலையில் அதைச் சேர்க்கச் சொல்வோம். மற்றது விறகு. மாதம் இவ்வளவு சாக்குக் காய்ந்த சிரட்டை, வேலை செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், தயவாக அல்ல, எழுத்தில். சிரட்டைக்கு இப்போது நல்ல விலை, தரமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் கிளிசரியாவைக் கேட்போம். தென்னைக்கு இடையில் கிளிசரியா நட்டால் இலை பசளையாகும், கிளை விறகாகும் என்று லுணுவிலைத் தென்னை ஆராய்ச்சி நிலையம் நெடுநாளாகச் சொல்லி வருகிறது. 2005 இல் அரசாங்கம் அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராக அறிவித்தது. நம் தோட்டங்களின் வேலியெல்லாம் அதுதான். வெட்டி, பிளந்து, கோடையில் காயவைத்தால் புகை குறைவு. வெட்டுகிற கூலியும் நமதே. ஒரு பகுதியை லயங்களுக்கென்று ஒதுக்குவதில் தோட்டத்துக்குப் பெரிய நட்டம் இல்லை.

அடுப்பை ஒவ்வொருவராகச் சந்தையில் வாங்குவதைவிட, கிளைகள் சேர்ந்து குயவர் கிராமத்திலிருந்து லொறியில் எடுத்தால் விலை குறையும், வழியில் உடைவதும் குறையும். அதற்கான பட்டியலை மாதர் பிரிவு தயாரிக்கிறது. வரும் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது மூன்று விபரம் எழுதி வாருங்கள்: உங்கள் சோற்றுச் சட்டியின் அடிச்சுற்றளவு நூல் வைத்து அளந்தது, குசினியின் நீள அகலம், கூரை கிடுகா தகரமா ஓடா என்பது. மண் பூசவும் புகைக்கூடு கட்டவும் பழக விருப்பமுள்ள மேசன் வேலைத் தோழர்கள், ஆணோ பெண்ணோ, கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். புற்றுமண் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். கனமூலையில் நான் பார்த்த இடமெல்லாம் மணல்தான்.